ஒன்பதாவது இலை

சார்ட் தாளில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டங்களைக் கோடிட்டு முடித்தபின், ரோசம்மாள் அங்கன்வாடியின் வாசலுக்குப் போய்ப் பூவரச மரத்திலிருந்து ஓர் இலையைக் கிள்ளி வந்தாள். பூச்சி அரிக்காத, நுனி மடங்காத, உள்ளங்கையளவு இலை. ஒரே இலையை ஒன்பது பொருள்களால் ஒன்பது கட்டங்களில் வரைய வேண்டும் என்பது மேற்பார்வையாளர் காயத்ரி இட்ட பணி. குழந்தை பென்சிலைப் பிடிக்குமுன் கரியையும் மஞ்சளையும் மெழுகையும் தொட்டறிய வேண்டும்; எதைத் தொட்டால் எத்தகைய தடம் விழும் என்பதைக் கை கற்றுக்கொண்டால் எழுத்து தானே வந்து சேரும் என்று பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் அந்தச் சார்ட் திருவள்ளூருக்குப் போயாக வேண்டும்.

அதே வெள்ளிக்கிழமைக்குள் அவள் இன்னொரு முடிவையும் சொல்ல வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கல்லறைத் திருநாள். அவளுடைய கணவன் வரதனின் கல்லறையில் நாட்டுவதற்காக, வரதனின் அண்ணன் அன்புராஜ் கருங்கல் சிலுவை ஒன்றைப் பொன்னேரியில் செய்யச் சொல்லியிருந்தார். சிலுவை ஆயத்தமாகிவிட்டது. பெயர் வெட்டுவதற்கு மட்டும் ரோசம்மாளின் சொல்லுக்காகக் கல்தச்சர் காத்திருந்தார். அவளோ மூன்று வாரங்களாக, "சொல்றேன் மாமா" என்பதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

அவளுடைய தயக்கத்துக்குக் காரணம் அவள் ஒருத்திக்கே தெரியும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலையொன்றின் உலைமேடையில் வேலை பார்த்த வரதன், கடந்த தவக்காலத்தின் இரண்டாம் வெள்ளியன்று காலையில் உலைக்குள் விழுந்துவிட்டான். அவ்வாறு விழுந்தவனுக்கு எடுத்து அடக்கம் செய்ய ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஆகவே அந்த உருக்கை நிறுத்தி, ஆறவைத்து, அதிலிருந்து ஒரு துண்டை வெள்ளைத் துணியில் சுற்றிக் குடும்பத்தாரிடம் கொடுப்பது வழக்கம் என்று ஆலையார் சொன்னார்கள். மூன்றாம் நாள் செங்கல்லளவு இரும்புத்துண்டு ஒன்று வந்தது. அதைப் பெட்டியில் வைத்து, பாட்டும் ஜெபமுமாக அடக்கம் செய்தார்கள். பெட்டியை மூடுவதற்குச் சற்று முன்னர் ரோசம்மாள் துணியை விலக்கிப் பார்த்தாள். இரும்பின் ஓரத்தில் பழந்துரு செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது. மூன்று நாளைக்கு முன்பு உருகிய இரும்புக்கு அத்தனை துரு எங்கிருந்து வரும்?

அவள் துணியை மூடிவிட்டாள். எவரிடமும் கேட்கவில்லை. ஆனால் அன்றுமுதல், கல்லறைக்குப் போகும்போதெல்லாம் யாரோ ஓர் அயலாரின் வாசலில் நிற்பதுபோலவே இருந்தது.

*

திங்கட்கிழமை எட்டு இலைகளை வரைந்தாள். பென்சில், இலையில் உள்ளதை உள்ளபடி எழுதியது. நரம்பு ஒன்றுகூடத் தப்பவில்லை. மெழுகு வண்ணக்கட்டி எதையும் நுணுக்கமாகச் சொல்ல மறுத்துப் பச்சையை அப்பிவைத்தது. அடுப்புக்கரியோ தொட்டவுடனே நிழலைக் கொடுத்தது. இலை தாளிலிருந்து சற்று எழும்பி நிற்பதுபோல் தோன்றியது. சாக்பீஸை நனைத்துத் தீட்டியது ஈரத்தில் மங்கிக் காய்ந்தபின் வெளுத்தது. நீர்வண்ணம் கோட்டைக் கடந்து ஓடியது. மஞ்சள் குழைவு பழுத்த இலையாயிற்று. ஸ்கெட்ச் பேனா தாளின் மறுபுறம்வரை ஊறியது. எட்டாவது கட்டத்தில், இலையை அடியில் வைத்துத் தாளின்மேல் மெழுகைக் கிடத்தித் தேய்த்தாள். கை ஒன்றும் வரையாமலே நரம்புகள் தாமாக மேலெழுந்து வந்தன. ஒவ்வொரு கட்டத்தின் கீழும் பொருளின் பெயரை அழகாக எழுதினாள்.

"எட்டு எலை போட்டுக்கினியே டீச்சர், பந்தி எப்போ?" என்று கேட்டுக்கொண்டே உதவியாளர் பூவம்மாள் கலவைசாதக் குண்டானை இறக்கி வைத்தாள்.

"ஒம்போதாவது எலைக்கு ஒண்ணும் தோணல பூவக்கா. நீ சொல்லு."

"நம்ம ஊர்ல ஓசியில கெடைக்கிறது இன்னா இருக்குது? ஜன்னல்ல தொட்டுப் பாரு. தெனம் வந்து நம்ம மூஞ்சியிலே கருப்புக் கலரு அடிச்சிட்டுப் போவுது."

ஆலைகளிலிருந்து நாள்தோறும் வந்து படியும் கருந்தூளைத்தான் அவள் சொன்னாள். வெயிலில் பார்த்தால் வெள்ளிப்பொடி கலந்ததுபோல் மினுக்கும். ரோசம்மாள் சிரித்துவிட்டாள்; ஆனால் யோசனை நன்றாயிருந்தது. ஒரு துண்டுத்தாளில் மைதாப் பசையால் சிறிய இலையொன்றை வரைந்து, ஜன்னல் கட்டையில் திரட்டிய தூளை அதன்மேல் தூவி, மிகுதியைத் தட்டிவிட்டாள். கருமையும் பளபளப்புமாக இலை நின்றது. பெரிய இலைக்குத்தான் தூள் போதவில்லை. தீபாவளி விடுமுறையோடு பராமரிப்புக்காகவும் உலைகளை நிறுத்தியிருந்தார்கள்.

சாப்பாடு முடிந்து குழந்தைகளுக்குப் பாய் விரிக்கும்போது வழக்கமான பூசல் எழுந்தது. கூடத்தின் நடுவே ஒரே ஒரு தூண். பதினான்கு குழந்தைகளும் அந்தத் தூணடியில்தான் படுப்பேன் என்பார்கள். சுவரோரம் வரிசையாகப் படுக்கவைத்தாலும், உறங்கி விழிப்பதற்குள் உருண்டு உருண்டு தூணைச் சுற்றிச் சேர்ந்துவிடுவார்கள்.

"இந்தத் தூணுல இன்னா வெல்லமா தடவிக்கீது?" என்று பூவம்மாள் ஒவ்வொரு நாளும் கேட்பாள். அன்றும் கேட்டாள்.

மூன்றரை வயது ஜெனிபர், தூணில் கன்னத்தை ஒட்டியபடி, "சூடா கீது ஆயா" என்றது.

"வெயிலு படாத தூணு, சூடாம்" என்று பூவம்மாள் அதற்குப் போர்த்திவிட்டாள்.

அந்தக் கட்டடம் புதியது. அதுவரை வாடகை வீட்டில் நடந்துவந்த அங்கன்வாடிக்கு ஆலை நிருவாகமே இலவசமாகக் கட்டிக்கொடுத்து, ஆகஸ்டில் ரிப்பன் வெட்டித் திறந்துவைத்தது. தூணில் பென்சிலால் கோடிட்டுக் குழந்தைகளின் உயரத்தை மாதந்தோறும் குறித்துவருவது ரோசம்மாளின் பழக்கம். கோட்டருகே பெயரும் தேதியும் இருக்கும்.

*

அன்றிரவு பெய்த மழையில் ஜன்னல்கள் எல்லாம் கழுவிவிட்டாற்போல் ஆயின. செவ்வாய்க்கிழமை காலையில் தூளென்று ஒரு சிட்டிகையும் கிடைக்கவில்லை. வேறு பொருளைத் தேடிக்கொண்டிருந்தவளுக்குத் தன் வீட்டுப் பரணில் சுருட்டி வைத்த வேட்டி நினைவுக்கு வந்தது.

வரதன் விழுந்த நாளன்று அவள் மொட்டைமாடியில் அவனது பழைய வேட்டியை விரித்துக் கூழ்வடகம் பிழிந்திருந்தாள். காலை ஒன்பதே முக்காலுக்கு ஆலைப்பக்கம் பெரும்புகை எழுந்து, கருந்தூள் மழைபோல இறங்கியது. வடகம் பாழாயிற்றே என்று முனகிக்கொண்டு ஒரு மூலையை அவள் மடித்துக்கொண்டிருந்தபோதுதான் கீழே வாசலில் ஆள் வந்து கூப்பிட்டது. பின்னர் யாரோ அதை அப்படியே சுருட்டிப் பரணில் போட்டார்கள். எட்டு மாதங்களாக அவள் அதைத் தொடவில்லை.

இடைவேளையில் வீட்டுக்குப் போய் அதை இறக்கி, அங்கன்வாடியின் பின்புறத்தில் பிரித்தாள். வடகங்கள் கல்லாகியிருந்தன. வேட்டியைச் செய்தித்தாளின்மேல் உதறியபோது இரண்டு கைப்பிடித் தூள் விழுந்தது. ஜன்னல் தூளைவிட அது சற்றுக் கனமாக இருந்தது. அவள் ஒன்பதாவது கட்டத்தில் பசையால் இலை வரைந்து, காம்பை நேர்கீழாக இழுத்து, தூளைத் தூவினாள். மற்றைய எட்டு இலைகளும் வெறும் படங்களாகிவிட, அது ஒன்றே இலையாகத் தெரிந்தது. கிழக்கு ஜன்னலருகே மேசையில் சார்ட்டைக் காயவைத்துவிட்டுப் போனாள்.

புதன்கிழமை காலையில் ஒன்பதாவது இலை நேராக இல்லை. காம்பு மேற்கே திரும்பியிருந்தது.

பசை வழுக்கியிருக்கும் என்று முதலில் எண்ணினாள். ஆனால் பசை வழுக்கினால் இழுபட்ட தடமொன்று இருக்க வேண்டும். தடமில்லை. நரம்புகள் ஒன்றும் குலையவில்லை. இலை முழுதும் ஒரு கடிகார முள்ளைப்போலத் தன் இடத்திலேயே சுழன்றிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பசை இறுகிக் கெட்டியாகியிருந்தது. அருகே கிடந்த துண்டுத்தாளின் சிறிய இலையோ வைத்தது வைத்தபடி இருந்தது.

அவள் பென்சிலைச் சீவி, இலையின் விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு வரைந்தாள். மதியம் வந்து பார்த்தபோது காம்பின் நுனி அந்தக் கோட்டுக்கு வெளியே விரற்கடையளவு நகர்ந்திருந்தது.

ரோசம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தாள். மேற்கே என்ன இருக்கிறது? கூடம், தூண், சுவர். அதற்கப்பால் காலனி, நெடுஞ்சாலை, கன்டெய்னர் லாரிகள் நிற்கும் வெளி. அதையும் தாண்டினால் கல்லறைத் தோட்டம். அன்றைய தூள், அன்றைய உலையிலிருந்து வந்த தூள், தன் மீதி எங்கே கிடக்கிறதோ அங்கே முகம் திருப்புகிறது. அப்படியானால் பெட்டியில் வைத்தது அவன்தான். துருவைப்பற்றி அவளுக்கு என்ன தெரியும்? தண்ணீர் ஊற்றி ஆறவைத்தால் இரும்பு மூன்று நாளில் துருப்பிடிக்கக்கூடாதா?

அச்சத்தைவிட ஆறுதலே மிகுந்தது. அவள் அன்புராஜுக்குத் தொலைபேசியில் பேசினாள்.

"மாமா, பேர வெட்டச் சொல்லிடு."

"இப்பவாச்சும் சொன்னியே. அந்த ஆளு என்னைத் துளைச்சிக்கினு இருந்தாரு. வெள்ளிக்கிழம காத்தால உளி வெப்பாரு. நீ ஞாயித்துக்கிழம பூவு மட்டும் எடுத்துக்கினு வா, போதும்."

எட்டு மாதங்களுக்குப்பின் அன்று அவள் பசித்துச் சாப்பிட்டாள்.

*

வியாழக்கிழமை குழந்தைகளுக்கு எடை பார்க்கும் நாள். எடைக்கருவியைத் தொங்கவிட ஜன்னலோரம் இடம் வேண்டுமென்று பூவம்மாள் காலையிலேயே மேசையைத் தூக்கிக் கூடத்தின் மேற்குச் சுவரோரம் போட்டுவிட்டாள். ரோசம்மாள் அதைக் கவனித்தாலும் பொருட்படுத்தவில்லை. எடைகளைப் பதிவேட்டில் எழுதி, முட்டை உரித்துக் கொடுத்து, பாய் விரித்துக் குழந்தைகள் உறங்கியபின்னரே மேசையருகே வந்தாள்.

காம்பு கிழக்கே திரும்பியிருந்தது.

பென்சில் கோட்டுக்குள் பாதி இடம் வெறுமையாக இருந்தது. இலையின் ஒரு பாதி கோட்டைக் கடந்து எதிர்ப்புறம் போயிருந்தது. கல்லறைத் தோட்டம் இப்போது அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. இலை அதைப் பொருட்படுத்தவே இல்லை. அவள் காம்பின் நுனியிலிருந்து கண்ணாலே ஒரு கோடு இழுத்தாள். கோடு நடுத்தூணில் போய் முட்டியது. தூணைச் சுற்றிப் பதினான்கு குழந்தைகளும் தலையை உள்நோக்கி வைத்து உறங்கிக்கொண்டிருந்தார்கள். பாய்கள் எல்லாம் சுவரோரத்தில் காலியாகக் கிடந்தன.

அவள் சார்ட்டைத் தூக்கி வடக்கே வைத்தாள். ஒரு மணி நேரம் அதன்முன் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நகர்வது கண்ணுக்குத் தெரியவில்லை. ஆயினும் குழந்தைகள் விழித்தெழுந்த வேளையில் காம்பு தெற்கே, தூணை நோக்கி இருந்தது.

"இன்னா டீச்சர், பேயறைஞ்ச மாதிரி குந்திக்கினு கீற?" என்றாள் பூவம்மாள்.

"ஒண்ணும் இல்ல பூவக்கா. நான் நாலு மணிக்குக் கெளம்பணும். நீ பூட்டிடு."

*

ஜோஷ்வா, வரதனோடு ஒரே ஷிப்டில் உலைமேடையில் நின்றவன். அடக்கத்துக்குப்பின் அவன் அவள் வீட்டுப்பக்கம் வந்ததில்லை. தெருவில் எதிர்ப்பட்டாலும் செல்பேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வான். பராமரிப்பு வேலை ஷிப்டு முடிந்து ஆலைவாசல் டீக்கடையில் நின்றவனுக்குப் பக்கத்தில் அவள் போய் நின்றபோது, செல்பேசியை எடுக்க அவனுக்கு நேரமில்லாமற் போயிற்று.

"அண்ணி, ஊட்டுக்கு வரணும்னுதான் இருந்தேன்."

"எட்டு மாசமா வந்துக்கினே இருக்கிற. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் ஜோஷ்வா. அன்னிக்கி அந்த ஹீட்ட நிறுத்தினாங்களா?"

உலையில் ஒருமுறை உருக்கி வார்ப்பதைத்தான் அவர்கள் ஹீட் என்பார்கள். ஜோஷ்வா டீக்கிளாஸைக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தான்.

"நிறுத்தினா உள்ளயே ஒறைஞ்சிடும்னாங்க. உலையே போயிடும்னாங்க. ஊத்திட்டாங்க அண்ணி."

"எனக்குக் குடுத்தது?"

"பழைய இரும்பு யார்டுல கெடந்த துண்டு."

"துரு இருந்திச்சி."

அவன் நிமிர்ந்தான். "பாத்துட்டியா?"

"பாத்தேன். அந்த இரும்பு எங்க போச்சி?"

"கம்பியா அடிச்சிட்டாங்க. ஆனா வெளியே அனுப்ப ஒருத்தனுக்கும் தைரியம் இல்ல. எவன் ஊட்டுல போய் நிக்குமோ, இன்னா நடக்குமோன்னு லோடு ஏத்தறவங்க தொடவே மாட்டேன்னுட்டாங்க. தனியா ஒரு மூலையில கெடந்திச்சி. அப்புறம் பால்வாடி கட்டற பேச்சு வந்திச்சி." அவன் குரல் தணிந்தது. "தர்மக் காரியத்துக்குக் குடுத்தா தோசம் இல்லன்னு யாரோ சொன்னாங்க. கொழந்தைங்க எடம், சாமி எடம் மாதிரின்னாங்க. நடுத்தூணுக்கு மொத மொத அந்தக் கம்பியத்தான் நட்டாங்க. நானும் ஒரு கை பிடிச்சேன். மிச்சம் எங்க போச்சின்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

சூலூர்ப்பேட்டை வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு நிலையத்தை நெருங்கும் ஓசை கேட்டது.

"ஒருநாள் இத நான் கேக்க வேண்டிய எடத்துல கேப்பேன்" என்றாள். "அப்போ உன்னையும் கூப்புடுவேன். செல்ல எடுத்துக் காதுல வெச்சுக்காத."

"வரேன் அண்ணி" என்றான் ஜோஷ்வா. டீ ஆறிப்போயிருந்தது.

*

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் அன்புராஜை அழைத்தாள்.

"மாமா, உளி வெக்க வேணாம்னு சொல்லு. கல்லு நிக்கட்டும். பேரு வேணாம்."

"இன்னாம்மா, புதன்கிழம வேணும்ன, வெள்ளிக்கிழம வேணாங்கற. அவன் என் தம்பி. ஊர்ல கேட்டா நான் இன்னா சொல்றது?"

"அங்க இல்லாதவங்க பேர அங்க எழுதக் கூடாது மாமா. ஞாயித்துக்கிழம நேர்ல சொல்றேன். துருவப்பத்தி சொல்றேன்."

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. துரு என்ற சொல்லை அவரும் எட்டு மாதமாக விழுங்கிவைத்திருந்தாரோ என்னவோ.

அங்கன்வாடியைத் திறந்து உள்ளே போனவள் நேராக மேசைக்குப் போனாள். ஒன்பதாவது கட்டம் வெறுமையாக இருந்தது. பென்சில் கோடும் வறண்ட பசையின் பளபளப்பும் மட்டும் இருந்தன. மேசையின்மேலும் தரையிலும் கீழே குனிந்து தேடினாள். ஒரு துகளும் உதிர்ந்திருக்கவில்லை. துண்டுத்தாளின் சிறிய இலை அப்படியே இருந்தது. தூணைச் சுற்றிவந்து பார்த்தாள். வெள்ளைச் சுண்ணாம்பும் குழந்தைகளின் உயரக்கோடுகளுமே தெரிந்தன. உள்ளங்கையை வைத்தாள். மழைநாளின் காலையில், அது உறங்கி எழுந்தவனின் முதுகைப்போல வெதுவெதுப்பாக இருந்தது.

அன்று அவள் பாய்களைச் சுவரோரம் விரிக்கவில்லை. தூணைச் சுற்றியே விரித்தாள். பூவம்மாளும் ஒரு பாயை எடுத்து உதறித் தூணடியில் போட்டாள்.

மூன்று மணிக்கு முதலில் விழித்தது ஜெனிபர்.

"கை பாரு மிஸ்" என்று வலது கையை நீட்டிக்கொண்டு வந்தது.

அதன் உள்ளங்கை கரேலென்று இருந்தது. கருமைக்கு வரம்பு இருந்தது. பூவரச இலையின் வரம்பு. காம்பு மணிக்கட்டுவரை இறங்கியிருந்தது. ரேகைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நரம்புகள் ஓடின; திங்களன்று பென்சில் எழுதிக்காட்டிய அதே நரம்புகள், ஒன்றுகூடத் தப்பவில்லை.

"ஐயோ, எங்கடி போய் அப்பிக்கினு வந்த?" என்று பூவம்மாள் ஈரத்துணியோடு வந்தாள்.

"வேணாம் பூவக்கா. விடு."

ரோசம்மாள் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேசைக்குப் போனாள். ஒன்பதாவது கட்டத்தில் புதிதாகப் பசை தடவினாள். குழந்தையின் கையை மெல்லப் பிடித்து அதன்மேல் வைத்து அழுத்தினாள். அது சிரித்தது, பசை குளிர்ந்ததுபோலும். கையை எடுத்தபோது உள்ளங்கை கழுவியதுபோல வெளுத்திருந்தது. இலை முழுதாகத் தாளில் இருந்தது. காம்பு நேர்கீழாக, முதல்நாள் அவள் இழுத்த இடத்திலேயே நின்றது.

மூன்றரைக்குக் காயத்ரி ஸ்கூட்டியில் வந்தார். சார்ட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கடைசி எலை அருமையா வந்திருக்கு ரோசம்மா. கீழ பேரு எழுதலியே. இது எந்தப் பொருள்?"

"இரும்புத்தூள் மேடம்."

"எழுதிடுங்க. நம்ம ஏரியாவுல கெடைக்கிற பொருள்னு அதுக்குத் தனியா மார்க் குடுப்பாங்க."

ரோசம்மாள் எழுதினாள். காயத்ரி சார்ட்டைச் சுருட்டி ரப்பர் போட்டுக்கொண்டு புறப்பட்டார். அவர் நிலைப்படியைத் தாண்டியபோது, விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகள் எல்லாரும் ஒரே கணத்தில் விளையாட்டை நிறுத்திவிட்டுத் தூணைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு மறுபடியும் விளையாடப் போய்விட்டார்கள்.

பெற்றோர்கள் வந்து அழைத்துப்போனபின், ரோசம்மாள் தூணில் முதுகை ஒட்டி நிமிர்ந்து நின்றாள். அவளுடைய உச்சந்தலை வரதனின் மோவாய்வரை வரும். தன் உச்சிக்குமேல் ஒரு சாணும் இரண்டு விரலும் அளந்து, நாற்காலியில் ஏறி, பென்சிலால் ஒரு கோடு இழுத்தாள். சற்றுத் தடித்த கோடு. அதன் அருகே, கீழே குழந்தைகளின் பெயர்களை எழுதியிருந்த அதே எழுத்தில், பெயரையும் எழுதினாள்.

பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த பூவம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. கோட்டை மட்டும் அண்ணாந்து பார்த்தாள்.

"நம்ம புள்ளைங்கள்ல அவ்ளோ ஒசரம் யாரு டீச்சர்?"

"புதுசா சேந்திருக்காரு" என்றாள் ரோசம்மாள். "தேதி போடல. போடத் தேவையில்ல. இனிமே வளர மாட்டாரு."

அவள் நாற்காலியிலிருந்து இறங்கி, ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையால் ஜன்னலைச் சாத்தினாள்.